அறக்கட்டளைக்குக் கொடுங்கள் என்று உறுப்பினர்களிடம் எப்படிக் கேட்பது?

அறக்கட்டளைக் குழுத் தலைவர் (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூலை 1 முதல் எங்கள் ரோட்டரி சங்கத்தின் அறக்கட்டளைக் குழுவுக்கு என்னைத் தலைவராக நியமித்திருக்கிறார்கள். பொறுப்பை மகிழ்ச்சியோடுதான் ஏற்றுக்கொண்டேன். ஆனால் கடந்த நான்கு ஆண்டுகளின் நன்கொடைப் பட்டியலை எடுத்துப் பார்த்த நாளிலிருந்து ஒரு கேள்வி மனத்தைக் குடைந்துகொண்டிருக்கிறது. நாற்பத்திரண்டு உறுப்பினர்களில் ஆண்டுதோறும் கொடுப்பவர்கள் அதே ஒன்பது பேர்தான். மற்றவர்கள் ஈகைக் குணம் இல்லாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. கண் சிகிச்சை முகாம் என்றால் பணமும் தருவார்கள், காலை முதல் மாலை வரை நின்று வேலையும் செய்வார்கள். பள்ளிக்குக் கழிப்பறை கட்ட வேண்டும் என்றால் ஒரே கூட்டத்தில் தொகை சேர்ந்துவிடும். உலகெங்கும் உள்ள ரோட்டரி சங்கங்களுக்குப் பொதுவான ரோட்டரி அறக்கட்டளை என்ற பேச்சை எடுத்தால் மட்டும் பலருடைய முகம் வாடிவிடுகிறது.

சென்ற ஆண்டு, ரோட்டரி ஆண்டு முடியும் ஜூன் கடைசி வாரத்தில் நடந்ததையும் இங்கே எழுதியாக வேண்டும். எங்கள் ரோட்டரி மாவட்டத்துக்கு, அதாவது இப்பகுதிச் சங்கங்கள் சேர்ந்த அமைப்புக்கு, ஒப்புக்கொண்ட இலக்கில் பாதிகூட அப்போது சேர்ந்திருக்கவில்லை. இரவு பத்து மணிக்கு மேலும் உறுப்பினர்களுக்குத் தொலைபேசி அழைப்புகள் போயின. வாரக் கூட்டத்தில் கொடுக்காதவர்களின் பெயர்கள் வரிசையாக வாசிக்கப்பட்டன. கடைசியில் தலைவர் தம் சொந்தப் பணத்தைப் போட்டுக் கணக்கை முடித்தார். இலக்கு எட்டப்பட்டது, பாராட்டும் வந்தது. அடுத்த இரண்டு மாதங்களில் மூன்று பேர் சங்கத்தை விட்டு விலகினார்கள். அதற்கு அதுவே காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவர்களுள் ஒருவர் விடைபெறும்போது, "சேவை செய்ய வந்தேன், கடன்காரனைப் போல நிற்க வைத்துவிட்டீர்கள்" என்றார். அந்தச் சொல் இன்னும் என்னை விட்டு அகலவில்லை.

இந்த அறக்கட்டளையை நான் மனமார நம்புகிறேன். அதனால்தான் கேட்கிறேன். ஒருவரையும் புண்படுத்தாமல், அதே சமயம் கேட்காமலும் இருந்துவிடாமல், இந்தப் பணியை எப்படிச் செய்வது? உங்கள் சங்கங்களில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை விரிவாக எழுதினால் மிகுந்த உதவியாக இருக்கும்.

முன்னாள் பொருளாளர்

சகோதரி, உங்கள் மனக்குறையை நன்றாக உணர முடிகிறது. எங்கள் சங்கத்திலும் ஏறத்தாழ இதே நிலைதான் இருந்தது. நான் பொருளாளராக இருந்த ஆண்டில், கொடுக்காத உறுப்பினர்களைத் தனித்தனியே சந்தித்துக் காரணம் கேட்டேன். பெரும்பாலோர் சொன்னது ஒன்றேதான்: "பணம் எங்கே போகிறது என்று தெரியவில்லை." முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தபோது, அவர்களுக்குத் தெரியும்படி நாங்கள் ஒருபோதும் சொன்னதே இல்லை என்பது புரிந்தது.

அறக்கட்டளையின் ஆண்டு நிதிக்கு ஓர் உறுப்பினர் இன்று கொடுக்கும் தொகை உடனே செலவாவதில்லை. அது மூன்று ஆண்டுகள் முதலீட்டில் இருக்கும். அதன் பிறகு ஒரு பகுதி அறக்கட்டளையின் பொதுவான உலக நிதிக்குப் போகிறது. இன்னொரு பகுதி, நாம் கொடுத்த அதே மாவட்டத்தின் பெயரிலேயே, மாவட்டம் தானே முடிவு செய்து செலவிடும் நிதியாகத் திரும்பி வருகிறது. அந்த நிதியிலிருந்து உள்ளூர்ப் பணிகளுக்கான சிறு மானியங்களையும் கொடுக்கலாம், வேறொரு நாட்டுச் சங்கத்தோடு சேர்ந்து பன்னாட்டு மானியத்துக்கும் விண்ணப்பிக்கலாம். பன்னாட்டு மானியத் திட்டம் ஒன்றின் மதிப்பீடு குறைந்தது 30,000 டாலராக இருக்க வேண்டும். மாவட்ட நிதியிலிருந்து நாம் போடும் பங்குக்கு மேல் உலக நிதியும் தன் பங்கைச் சேர்க்கும். தனி ஒரு சங்கம் கனவிலும் தொட முடியாத தொகை ஒரு மருத்துவமனைக்கோ குடிநீர்த் திட்டத்துக்கோ கிடைப்பது இந்த வழியில்தான்.

இந்த மூன்று ஆண்டு இடைவெளிதான் நமக்கு உண்மையான தடை என்று கருதுகிறேன். கொடுத்தவர் கைக்கும் பெற்றவர் கைக்கும் நடுவே மூன்று ஜூன் மாதங்கள் கடந்துவிடுகின்றன. அதற்குள் தலைவர் மூன்று முறை மாறிவிடுகிறார், பேச்சும் மாறிவிடுகிறது. விதைத்தவருக்கும் அறுவடையைக் காட்டுபவருக்கும் தொடர்பே இல்லாமல் போகிறது.

இன்னொன்றையும் வருத்தத்தோடு சொல்கிறேன். பன்னாட்டு மானியத்தில் ஒரு மருத்துவமனைக்கு எங்கள் சங்கம் சிறுநீரக நோயாளிகளுக்கான இரத்தச் சுத்திகரிப்புக் கருவிகள் வாங்கிக் கொடுத்தது. திறப்பு விழாவில் ஐந்து பேர் பேசினோம், நானும் பேசினேன். அந்தத் தொகையின் பெரும்பகுதி அறக்கட்டளையிலிருந்து வந்தது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. கல்வெட்டிலும் சங்கத்தின் பெயரும் பொறுப்பாளர்கள் பெயரும்தான் இருந்தன. அதே கூட்டத்தில் அமர்ந்திருந்த உறுப்பினரிடம் ஆறு மாதம் கழித்து அறக்கட்டளைக்குக் கொடுங்கள் என்று கேட்டால், "அவர்கள் நமக்கு என்ன செய்தார்கள்?" என்று அவர் திருப்பிக் கேட்பதில் என்ன தவறு இருக்கிறது?

ஆகவே என் முதல் யோசனை இது. உங்கள் மாவட்டம் கடந்த ஐந்து ஆண்டுகளில் பெற்ற மானியங்களின் பட்டியலை மாவட்ட அறக்கட்டளைக் குழுவிடம் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொன்றும் எந்த ஆண்டு நன்கொடையிலிருந்து பிறந்தது என்று கணக்குப் பாருங்கள். அந்த ஆண்டில் கொடுத்த உறுப்பினரிடம் போய், உங்கள் பணம் இந்தக் கருவியில் இருக்கிறது என்று சொல்லுங்கள். அன்றைக்கு எதுவும் கேட்காதீர்கள்.

பன்னிரண்டு ஆண்டு உறுப்பினர்

இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் போக மனம் வரவில்லை, ஏனென்றால் உங்கள் பட்டியலில் இல்லாத அந்த முப்பத்து மூன்று பேரைப் போன்றவன்தான் நானும். வேறொரு சங்கத்தில் இருக்கிறேன். அறக்கட்டளைக்கு இதுவரை ஒரு முறைதான் கொடுத்திருக்கிறேன், அதுவும் என் பெயர் கூட்டத்தில் வாசிக்கப்பட்ட அடுத்த நாள். கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது மகிழ்ச்சி இல்லை. இனிக் கொடுப்பதில்லை என்று அன்று முடிவு செய்தேன்.

என் தரப்பை நேராகச் சொல்கிறேன். தந்தையை இழந்த ஒரு மாணவியின் கல்லூரிச் செலவை நான் ஏற்றிருக்கிறேன். ஒவ்வொரு பருவத் தேர்வு முடிந்ததும் அவள் மதிப்பெண்ணைச் சொல்லத் தொலைபேசியில் அழைப்பாள். அந்தக் குரலை விட்டுவிட்டு, பெயர் தெரியாத ஒரு நிதிக்கு நான் ஏன் பணம் அனுப்ப வேண்டும்? மேலும், எங்கள் சங்கத்தில் அறக்கட்டளையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ரோட்டரியை நிறுவிய பால் ஹாரிஸின் பெயரால் நன்கொடையாளர்களுக்குத் தரும் பால் ஹாரிஸ் ஃபெலோ பட்டத்தைப் பற்றியும், சட்டையில் குத்தும் பேட்ஜைப் பற்றியும், எத்தனை புள்ளிகள் சேர்ந்தன என்பதைப் பற்றியும்தான் பேசுகிறார்கள். எந்தக் குழந்தைக்கு என்ன கிடைத்தது என்ற பேச்சை நான் கேட்டதே இல்லை. நான் வாதாட வரவில்லை. எனக்கு மனம் ஒப்பும்படி யாராவது விடை சொன்னால் கேட்டுக்கொள்ளத் தயாராகவே இருக்கிறேன்.

முன்னாள் சங்கத் தலைவர்

ஐயா, பெயர்ப் பட்டியல் வாசிக்கப்பட்டதற்கு முதலில் வருந்துகிறேன். வாசித்தது உங்கள் சங்கமாக இருந்தாலும், என் ஆண்டில் நானும் அதையே செய்தேன். ஊக்கப்படுத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டு செய்தோம். சந்தா செலுத்துவது உறுப்பினரின் கடமை. நன்கொடை அவரவர் விருப்பம். உறுப்பினராக இருப்பதற்கு நன்கொடையை நிபந்தனையாக வைக்கக் கூடாது என்பதே ரோட்டரியின் கொள்கை. விருப்பத்தால் கொடுக்க வேண்டிய ஒன்றைப் பாக்கித் தொகையைப் போலக் கேட்டது எங்கள் பிழை.

உங்கள் கேள்விக்கு என்னால் இயன்ற விடையைச் சொல்கிறேன். அந்த மாணவிக்கு நீங்கள் செய்வதை அறக்கட்டளையால் செய்ய முடியாது. தேர்வு முடிந்து அவள் அழைக்கும்போது எடுத்துப் பேச ஒரு மனிதர் வேண்டும், நிதியத்தால் அது ஆகாது. ஆகவே அதை நிறுத்திவிட்டு இதற்குக் கொடுங்கள் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். ஆனால் நீங்களும் நானும் எவ்வளவு நல்ல மனம் கொண்டிருந்தாலும் தனியே செய்ய முடியாத பணிகளும் உண்டு. 1979இல் பிலிப்பைன்ஸில் ஏறத்தாழ 60 லட்சம் குழந்தைகளுக்கு இளம்பிள்ளை வாதத் தடுப்பு மருந்து கொடுக்கும் திட்டத்தை ரோட்டரி ஏற்றது. அதன் அனுபவத்தில் 1985இல் போலியோ பிளஸ் இயக்கம் தொடங்கியது. 1988இல் போலியோவை ஒழிக்க உலக நாடுகளின் கூட்டு முயற்சி உருவானபோது, 125 நாடுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,50,000 குழந்தைகள் அந்த நோயால் முடங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த எண்ணிக்கை 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டது. இயற்கையான போலியோ கிருமியின் பரவல் ஒருபோதும் அறுபடாத நாடுகளாக எஞ்சியிருப்பவை ஆப்கானிஸ்தானும் பாகிஸ்தானும் மட்டுமே. இதில் எந்தக் குழந்தை என் பணத்தால் நடக்கிறது என்று யாராலும் காட்ட முடியாது. நோய் வராத குழந்தை நம்மை அழைத்து நன்றி சொல்லப் போவதும் இல்லை. கொடுப்பவருக்கு இது கடினமான ஈகை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பட்டத்தைப் பற்றிச் சொன்னீர்கள். பால் ஹாரிஸ் ஃபெலோ என்ற அங்கீகாரம் 1957இல் தொடங்கியது. 1,000 டாலர் கொடுத்தவருக்கும், யார் பெயரால் அத்தொகை கொடுக்கப்படுகிறதோ அவருக்கும் அது வழங்கப்படுகிறது. அத்தொகையை ஒரே தவணையில் கொடுக்க வேண்டியதில்லை, பல ஆண்டுகளில் சிறுகச் சேர்ந்தாலும் போதும். என் ஆசிரியை ஒருவர் பெயரில் நான் அப்படிக் கொடுத்திருக்கிறேன். அந்தச் சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு, தமக்காக எத்தனை குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து போய்ச் சேர்ந்திருக்கும் என்று அவர் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி சொல்லும் கருவியாகப் பட்டம் நல்லது. அதையே விற்பனைப் பொருளாக முன்னே வைக்கும்போதுதான் உங்களைப் போன்றவர்களை இழக்கிறோம்.

லயன்ஸ் சங்க உறுப்பினர்

வேறு இயக்கத்திலிருந்து எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பன்னாட்டு அறக்கட்டளை 1968இல் தொடங்கப்பட்டது. 1,000 டாலர் கொடுப்பவர்களுக்கு, எங்கள் இயக்கத்தை நிறுவிய மெல்வின் ஜோன்ஸின் பெயரால் அங்கீகாரம் தரும் வழக்கம் 1973இலிருந்து உண்டு. ஆக, நீங்கள் எழுதியிருக்கும் எல்லாச் சிக்கலும் எங்களிடமும் இருக்கின்றன.

எங்கள் சங்கத்தில் நிலைமை மாறியது ஒரு வெள்ளத்தின்போது. வீடிழந்த குடும்பங்களுக்குப் போர்வையும் மருந்தும் வாங்க எங்கள் கையிருப்பு இரண்டு நாள்களில் தீர்ந்துவிட்டது. மாவட்டம் கேட்ட அவசர மானியம் அறக்கட்டளையிலிருந்து வந்து சேர்ந்தபோது, பொருள்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த உறுப்பினர்களிடம் எங்கள் செயலாளர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "இது நம்மை அறியாத யாரோ சில உறுப்பினர்கள் முன்பே கொடுத்து வைத்த பணம்." அடுத்த மாதம் கேட்காமலே பதினோரு பேர் கொடுத்தார்கள். பெறும் இடத்தில் ஒருமுறை நின்றவருக்கு விளக்கம் அதிகம் தேவைப்படுவதில்லை.

கேட்கும் முறையைப் பற்றி ஒன்றிரண்டு. கேட்பவர் தாம் முதலில் கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் குரலிலேயே அது தெரிந்துவிடும். கூட்டத்தில் பொதுவாக விளக்கலாம், கேட்பதை மட்டும் நேரில், தனியாக, இருவர் மட்டும் இருக்கும்போது செய்ய வேண்டும். தொழில் நொடித்தவர், வீட்டில் நோயாளி உள்ளவர் யார் யார் என்று சங்கத்தில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும். அவர்களிடம் அந்த ஆண்டு கேட்கவே கூடாது, கேட்கவில்லை என்பதையும் பிறர் அறியக் கூடாது.

புதிய உறுப்பினர்

நான் சேர்ந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. பெரியவர்களுக்கு ஒரு தகவலாக மட்டும் சொல்கிறேன். சேரும்போது சந்தா எவ்வளவு, கூட்டம் எந்தக் கிழமை என்று சொன்னார்கள். அறக்கட்டளை என்று ஒன்று இருப்பதே, ஜூன் மாதம் வந்த ஒரு குறுஞ்செய்தியில்தான் எனக்குத் தெரிந்தது. அதில் ஒரு தொகையும் ஒரு கடைசி நாளும் இருந்தன, வேறெதுவும் இல்லை. சேர்ந்த நாளிலேயே யாராவது கால் மணி நேரம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் நான் மகிழ்ச்சியோடு தொடங்கியிருப்பேன். என் வயதில் ஒரே தடவையில் பெரிய தொகை கொடுப்பது இயலாது. மாதாமாதம் சிறு தொகையாகக் கொடுக்க இடம் உண்டா? அப்படிக் கொடுத்தால் சங்கத்தின் கணக்கில் அது மதிக்கப்படுமா?

முன்னாள் பொருளாளர்

தம்பி, தாராளமாக மதிக்கப்படும். "ஒவ்வொரு ரோட்டேரியனும், ஒவ்வோர் ஆண்டும்" என்ற முயற்சியின் நோக்கமே அதுதான். ஆண்டுக்குத் தலைக்கு 100 டாலர் என்று ஓர் அளவு சொல்லப்படுகிறது. அந்த முயற்சியில் முழுப் பங்கேற்புக்கான அங்கீகாரத்தைச் சங்கம் பெறுவதற்கு, சராசரி அந்த அளவை எட்டுவதோடு, உறுப்பினர் ஒவ்வொருவரும் குறைந்தது 25 டாலராவது கொடுத்திருக்க வேண்டும். இணையத்தின் வழியாக மாதந்தோறும் செலுத்தும் ஏற்பாடும் உண்டு. நாற்பது பேர் சிறிது சிறிதாகக் கொடுக்கும் சங்கத்துக்கும், நான்கு பேர் மட்டும் பெரிதாகக் கொடுக்கும் சங்கத்துக்கும் தொகை ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் மானியத்துக்கு விண்ணப்பிக்கும் நாளில் முன்னதில்தான் வேலை செய்ய ஆள் இருக்கும். இது என் அனுபவம்.

தொடக்கம் சிறியதாக இருப்பதைப் பற்றிக் கூச்சப்பட வேண்டாம். 1917இல் அமெரிக்காவின் அட்லாண்டா மாநாட்டில், அப்போது ரோட்டரியின் தலைவராக இருந்த ஆர்ச் கிளம்ஃப் இந்த நிதியின் யோசனையை முன்வைத்த பிறகு, முதலில் வந்து சேர்ந்த நன்கொடை கான்சாஸ் சிட்டி சங்கம் கொடுத்த 26 டாலர் 50 சென்ட். 1928இல் ரோட்டரி அறக்கட்டளை என்று பெயர் சூட்டப்பட்ட காலத்திலும் நிதி 5,000 டாலரைச் சற்றே தாண்டியிருந்தது. 1947இல் பால் ஹாரிஸ் மறைந்தபோது அவர் நினைவாக உலகெங்கும் உறுப்பினர்கள் கொடுத்ததுதான் அதை நிமிர்த்தியது, அதே ஆண்டில் 18 மாணவர்கள் முதல் கல்வி உதவியைப் பெற்றார்கள். யோசனை சொன்ன நாளிலிருந்து முப்பது ஆண்டுகள். அவ்வளவு காலம் யாரோ சிலர் சலிக்காமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பன்னிரண்டு ஆண்டு உறுப்பினர்

முன்னாள் தலைவர் எழுதியதை இரண்டு முறை படித்தேன். "கடினமான ஈகை" என்று அவர் ஒப்புக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது. இதுவரை என்னிடம் கேட்டவர்கள் யாரும் அதை ஒப்புக்கொண்டதில்லை. எனக்கு இன்னும் இரண்டு ஐயங்கள் உண்டு. என் பணம் இன்ன பணிக்குத்தான் போக வேண்டும் என்று நான் சொல்ல முடியுமா? மானியம் வாங்கிய சங்கம் அதைச் சரியாகச் செலவிட்டதா என்று யார் பார்க்கிறார்கள்?

முன்னாள் பொருளாளர்

முதல் ஐயத்துக்கு: சொல்லலாம். ஆண்டு நிதி, போலியோ நிதி, பேரிடர் நிதி, முதலைத் தொடாமல் வருவாயை மட்டும் செலவிடும் நிலை நிதி என்று கொடுப்பவரே தேர்ந்தெடுக்கலாம். போலியோ நிதியைத் தேர்ந்தால், ரோட்டரி ஆண்டுக்குத் திரட்டும் 5 கோடி டாலர் வரை, ஒவ்வொரு டாலருக்கும் கேட்ஸ் அறக்கட்டளை இரண்டு டாலர் சேர்த்துக் கொடுத்துவருகிறது.

இரண்டாவதற்கு: மானியம் கேட்கும் சங்கம் முதலில் நிதி மேலாண்மைப் பயிற்சியில் கலந்துகொண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். செலவுச் சீட்டுகளைப் பாதுகாத்து, குறித்த காலத்தில் அறிக்கை கொடுக்க வேண்டும். அறிக்கை நிலுவையில் இருந்தால் புதிய மானியம் கிடைக்காது. எங்கள் சங்கமே ஒருமுறை அறிக்கையைத் தாமதித்து, ஓராண்டு காத்துக்கிடந்தது. அன்று அலுத்துக்கொண்டேன், இன்று அந்தக் கண்டிப்பை நன்கொடையாளர்களிடம் நானே எடுத்துச் சொல்கிறேன்.

அறக்கட்டளைக் குழுத் தலைவர்

எழுதிய ஒவ்வொருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நவம்பர், அறக்கட்டளைக்கென்று ரோட்டரி ஒதுக்கியிருக்கும் மாதம். அதுவரை காத்திருக்க வேண்டாம், ஜூன் வரை தள்ளவும் கூடாது, ஜூலை முதல் வாரத்திலேயே தொடங்குவது என்று முடிவு செய்திருக்கிறேன். என் பங்கை நேற்று செலுத்திவிட்டேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் கொடுத்தவர்களுள் இருவரை இந்த வாரம் சந்தித்து, அந்த ஆண்டுப் பணத்தில் மாவட்டத்துக்குக் கிடைத்த தாய்சேய் நல மானியத்தைப் பற்றிச் சொன்னேன். ஒருவர் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பொருளாளர் ஐயா சொன்னபடி எதுவும் கேட்காமல் வந்துவிட்டேன். அது நான் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது.

உறுப்பினர்களுக்கு அனுப்ப ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அனுப்புவதற்கு முன் நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"அன்புடையீர், சென்ற ஜூன் மாதம் அறக்கட்டளை நன்கொடைக்காக உங்களில் சிலருடைய பெயர்கள் கூட்டத்தில் வாசிக்கப்பட்டன. இந்த ஆண்டு அது நடக்காது. யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்பது உங்களுக்கும் எனக்கும் பொருளாளருக்கும் அப்பால் போகாது. நம் மாவட்டத்தில் அறக்கட்டளைப் பணத்தால் நடந்த மூன்று பணிகளைப் பற்றிய குறிப்பை இத்துடன் வைத்திருக்கிறேன். அவற்றுள் ஒன்றை நேரில் பார்க்க விரும்புவோரை நானே அழைத்துச் செல்கிறேன். அதன் பிறகு உங்களைத் தனியே சந்தித்துக் கேட்பேன். இயலும் என்றால் எந்த நிதிக்கு என்று நீங்களே சொல்லுங்கள். இயலாது என்றால் ஒரு சொல் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. நமது இலக்கை அடைய உங்கள் ஒத்துழைப்பை வேண்டுகிறேன்."

பன்னிரண்டு ஆண்டு உறுப்பினர்

அம்மா, கடைசி வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். அதற்கு முன் வரையில் என்னிடம் ஒரு மனிதர் பேசுவதாக இருந்தது. அந்த வரியில் மறுபடியும் ஜூன் மாதம் வந்துவிட்டது.

உங்கள் சங்கத்தில் அந்தப் பணியைப் பார்க்கப் போகும் நாளைச் சொன்னால், வெளியாள் ஒருவருக்கு இடமிருக்குமானால், நானும் வருகிறேன்.

அறக்கட்டளைக் குழுத் தலைவர்

எடுத்துவிட்டேன், ஐயா. ஜூலை இரண்டாம் ஞாயிறு காலை புறப்படுகிறோம். உங்களுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறேன்.